ஒடிலியா கை வைத்த வண்டி

லாரியில் கை வைப்பதற்கு முன்னால் ஒடிலியா தன் வலது உள்ளங்கையை இடுப்பில் கட்டிய துணியில் ஒருமுறை துடைத்துக்கொள்வாள். அது குப்பை லாரி. ஊரின் அழுக்கெல்லாம் அதன் பக்கங்களில் வழிந்து காய்ந்திருக்கும். கை வைத்தால் கைதான் அழுக்காகும், லாரிக்கு ஒன்றும் குறைந்துவிடாது. இருந்தாலும் துடைப்பாள். மழை கொட்டும்போதும் துடைப்பாள், ஓடிவந்து மூச்சு வாங்கும்போதும் துடைப்பாள். அந்த ஒரு நொடித் தாமதத்தில் வேறு யாராவது முந்திக்கொண்ட நாட்களும் உண்டு. அப்படியும் அவள் அந்தப் பழக்கத்தை விடவில்லை. கூட வேலை செய்கிறவர்கள் வருஷக்கணக்காகப் பார்த்துப் பார்த்து, கடைசியில் அது அவர்கள் கண்ணில் படாமலே போய்விட்டது.

பெரிய கல்லறைத் தோட்டம் முடிகிற இடத்தில் நிலம் அறுத்துவிட்டாற்போல் கீழே இறங்கும். தலைநகரம் வேண்டாமென்று எறிகிற அத்தனையும் அந்தப் பள்ளத்துக்குத்தான் வந்து சேரும். அங்கே கிளறிப் பிழைக்கிறவர்களை குவாஹேரோ என்பார்கள். அவர்களுக்குள் ஒரு சட்டம் உண்டு. வளைவு திரும்பி லாரி வேகம் குறைக்கிற இடத்தில் யாருடைய உள்ளங்கை முதலில் அதன் பக்கத்தில் படுகிறதோ, லோடு அவர்களுடையது. அவர்கள் எடுத்தது போக மீந்ததில்தான் மற்றவர்கள் இறங்கலாம். லோடு நல்லதாக அமைந்தால் யோகம். ஆனால் கை வைத்த பிறகு பின்வாங்க முடியாது. உடைந்த கண்ணாடி வந்து யாராவது காலைக் கிழித்துக்கொண்டாலும், அணையாத கரி வந்து மேடு பற்றிக்கொண்டாலும், பழி கை வைத்தவர் மேல்தான். கெடுதல் பெரிதென்றால் கை பறிபோகும். அதாவது, ஒரு மழைக்காலம் முழுக்க எந்த லாரியையும் தொடக்கூடாது. எல்லோரும் கிளறி முடித்துக் கழித்துவிட்டதைத்தான் கிளற வேண்டும். மிச்சத்துக்குப் போவது என்று அதைச் சொல்வார்கள். மிச்சத்துக்குப் போனவர்களில் பாதிப்பேர் மழை ஓய்வதற்குள் ஊரை விட்டே போய்விடுவார்கள்.

ஒடிலியா உள்நாட்டுச் சண்டைக் காலத்தில் மலைநாட்டிலிருந்து ஓடிவந்தவள். படிப்பு மூன்றாம் வகுப்போடு நின்றது. கணவன் பெர்மின் எல்லை தாண்டி வடக்கே வேலைக்குப் போனான். முதலில் மாதம் ஒரு போன் வந்தது, அப்புறம் பண்டிகைக்கு ஒரு போன், அப்புறம் அதுவும் இல்லை. பள்ளத்தின் ஓரத்தில் ஒரு தகரக் கொட்டகை, பக்கத்துக் கொட்டகையில் எர்லிந்தா, லாரியில் வைக்க ஒரு கை. அவளுக்கென்று இருந்தது இவ்வளவுதான்.

எர்லிந்தாவின் மகளுக்கு ஒடிலியாதான் ஞானத்தாய். ஞானஸ்நானம் நடந்த நாளிலிருந்து அவர்கள் இருவரும் ஒருவரையொருவர் கொமாத்ரே என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள். சண்டையிலும் வாங்க, போங்கதான். சண்டையில்லாத நாளும் குறைவு. எர்லிந்தா ஓயாமல் பேசுவாள். ஒடிலியா கேட்டுக்கொண்டே கொக்கியால் கிளறுவாள். மாலையில், பொருத்தமான ஒரு வார்த்தை அகப்பட்டால், அதைச் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போவாள்.

கிறிஸ்துமஸ் முடிந்த வாரம். ஓட்டல்கள் கணக்கில்லாமல் எறிகிற நேரம் அது. பள்ளத்தில் மூடுபனி இடுப்பளவுக்கு நின்றது. ஓட்டல் வீதியிலிருந்து வருகிற வெள்ளை லாரிக்காக ஒடிலியா விடியற்காலையிலிருந்தே வளைவில் காத்துக்கொண்டிருந்தாள். பனிக்குள் வெள்ளையாக ஏதோ உருண்டு வந்தது. துணியில் கையைத் துடைத்தாள், ஓடினாள், வைத்தாள். வண்டி என்ன இவ்வளவு சின்னதாக இருக்கிறது என்று நினைத்தபோது கை பட்டுவிட்டிருந்தது.

வேன் நின்றது. கதவு திறந்து, முழங்கால்வரை பூட்ஸ் போட்ட ஒரு பெண் தோளில் கேமராவோடு இறங்கினாள். பின்னாலேயே நெடுநெடுவென்று ஒருவன், நீளக்கோலின் முனையில் சடைசடையாக எதையோ மாட்டிக்கொண்டு இறங்கினான்.

பிறகு எர்லிந்தாவின் குரல் பனியைக் கிழித்துக்கொண்டு வந்தது.

"கொமாத்ரே, உங்க லோடு இறங்குதுங்க. பொம்பள ஒண்ணு, ஆம்பள ஒண்ணு, செத்த நாய்க்குட்டி ஒண்ணு. பிரிச்சுட்டுச் சொல்லுங்க, மிச்சத்துக்கு நாங்க வர்றோம்."

"அந்த உசரமானவன மிச்சத்துல விட்டுடுங்க" என்றாள் இன்னொருத்தி. "நல்லா கழுவினா இன்னும் பத்து வருஷம் ஓடும்."

பள்ளம் முழுக்கச் சிரித்தது. ஒடிலியா கையை எடுத்து முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள். இறங்கிய பெண் எதற்கு இந்தச் சிரிப்பு என்று தெரியாமல் அவளையே பார்த்தாள்.

சிரிப்பு அடங்கியதும்தான் விஷயம் பெரிதானது. படம் எடுக்க வந்திருக்கிறார்கள், மெக்ஸிகோவிலிருந்து. அவள் பெயர் ரெனாத்தா. அவன் நாச்சோ, கோலில் மாட்டிய மைக்கால் சத்தம் பிடிக்கிறவன். மற்றவர்கள் எறிந்ததை வைத்து வாழ்கிறவர்களைப் பற்றி ஒரு மணி நேரப் படம். படம் என்ற வார்த்தை காதில் விழுந்ததும் எல்லோருடைய முகமும் மாறியது. சில வருஷங்களுக்கு முன் ஒரு பத்திரிகைக்காரன் வந்தான். உள்ளே ஒருத்தி தயிர் டப்பாவை வழித்துத் தின்பதைப் படம் பிடித்துப் போட்டுவிட்டான். மறுநாளே நகராட்சிக்காரர்கள் பள்ளத்தின் வாயிலைப் பூட்டிவிட்டார்கள். வாரக்கணக்கில் பூட்டியே கிடந்தது. திறந்தபோது ஒரு பலகை நட்டிருந்தார்கள்: உள்ளே உண்பது தடை. மீறினால் எல்லோருக்கும் வாயில் மூடப்படும்.

இப்படி வழக்குகள் வந்தால் பள்ளத்தில் எல்லோரும் மரியாதையாகத் தோன் என்று அழைக்கிற ரோமுலோதான் தீர்ப்புச் சொல்வார். பெரிய மீசை, ஒரு ஆணியைக்கூட விட்டுவைக்காத கை. வேனைச் சுற்றி ஒருமுறை நடந்தார்.

"கை பட்டுச்சா?"

"பட்டுச்சு" என்றார்கள் நான்கைந்து பேர்.

"தெரியாம வச்சுட்டேன் தோன் ரோமுலோ" என்றாள் ஒடிலியா. "ஓட்டல் லாரின்னு நெனச்சேன்."

"நானும் ஒருதடவ மருந்து லாரிய பழ லாரின்னு நெனச்சுக் கை வச்சேன். அந்த ஊசியெல்லாம் நான்தான பொறுக்கினேன்? கை கைதான். இவங்க உன் லோடு. என்ன எடுக்கணும், என்ன எடுக்கக்கூடாதுன்னு நீ சொல்லு. நல்லது வந்தா எல்லாரும் பங்கு கேப்போம். கெட்டது வந்தா உன் கை."

எல்லோருக்கும் அது வசதியாகவும் இருந்தது. படம் எடுக்கிறவர்களை விரட்டினால் வீண் பகை, விட்டால் பயம். இப்போது பயத்தைச் சுமக்க ஒரு ஆள் கிடைத்துவிட்டாள். ஒடிலியாவுக்கு அது புரிந்தது. ஆனால் சட்டமும் சட்டம்தான். அதை வைத்துத்தான் அவளும் இத்தனை வருஷம் பிழைத்தாள்.

ரெனாத்தாவிடம் சட்டத்தை விளக்கிச் சொன்னது எர்லிந்தா. ரெனாத்தா சிரிக்கவில்லை. ஒடிலியாவின் முன்னால் வந்து நின்று, மரியாதையாக, "சரி தோன்யா ஒடிலியா. நான் உங்க லோடு. எங்க கேமராவ வைக்கலாம்னு நீங்களே சொல்லுங்க" என்றாள்.

அன்றிலிருந்து யாரை எடுத்தாலும் ஒடிலியாவிடம் ஒரு வார்த்தை கேட்டுத்தான் எடுத்தாள். ஒடிலியா வாயால் பதில் சொல்வது அபூர்வம். இவரை எடுக்கலாம் என்றால் மோவாயை உயர்த்துவாள். வேண்டாம் என்றால் தரையைப் பார்ப்பாள். இரண்டு மனைவிகளுக்குப் பயந்து அங்கே ஒளிந்திருந்த ஒருவன் வந்தபோது தரையைத்தான் பார்த்தாள். வெயிலில் பாட்டுப் பாடுகிற கிழவர் ஒருவர் தானாகவே வந்து, "என்ன எடுக்கலையா? என் தலமுடி இன்னைக்கு நல்லாத்தான இருக்கு?" என்று ஒடிலியாவிடமே மனுப் போட்டார்.

நாள் போகப்போக அவளுக்குப் பயத்தோடு இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. அந்தப் பெண்ணின் வேலையைப் பார்த்து அவளுக்கு ஆச்சரியம் அடங்கவில்லை. சேற்றில் கிடந்த ஒற்றைச் செருப்பின் முன்னால் ரெனாத்தா குந்தி உட்கார்ந்தால் வெயில் நகர்ந்து வரும்வரை உட்கார்ந்திருப்பாள். கழுகு பறந்தால் அது இறங்குகிறவரை மூச்சுகூட விடமாட்டாள். ஒரு நாள் முழுக்க எடுத்ததை மாலையில் சின்னத் திரையில் ஓடவிட்டுப் பார்ப்பாள். இது வேண்டாம், இது வேண்டாம், இதுவும் வேண்டாம், இது இருக்கட்டும். மூட்டை மூட்டையாகக் கிளறி ஒரு கைப்பிடி எடுக்கிற அந்த வேலை ஒடிலியாவுக்குத் தெரிந்த வேலைதான். கண்ணால் செய்கிறாள், அவ்வளவுதான்.

நாச்சோ ஒரு மத்தியானம் தன் காதில் மாட்டியிருந்ததைக் கழற்றி ஒடிலியாவின் தலையில் வைத்தான். கோலின் முனையைக் குப்பை மேட்டுப் பக்கம் நீட்டினான். ஒடிலியாவின் கண்கள் விரிந்தன. பைகள் ஒன்றோடொன்று உரசி மூச்சு விட்டன. எங்கோ ஆழத்தில் தண்ணீர் ஊறி ஓடியது. மேட்டுக்கு அடியிலிருந்து காற்று சின்னச் சின்னச் சீறலாகக் கிளம்பியது. தலைக்கு மேலே போன கழுகின் இறகு பட்டுத்துணியை உதறியது போலக் கேட்டது. இருபத்தைந்து வருஷமாக மிதித்து நடக்கிற இடம். அது இத்தனை நாளும் தனக்குத்தானே முனகிக்கொண்டிருந்திருக்கிறது.

அவள் கழற்றி எர்லிந்தாவின் காதில் மாட்டினாள். எர்லிந்தா வாழ்க்கையில் முதல்முறையாகச் சற்றுநேரம் பேசாமல் இருந்தாள்.

"என்ன கொமாத்ரே, இது என்னைவிட அதிகமாப் பேசுது" என்றாள் பிறகு.

வேலை முடிந்து அவர்கள் கிளம்பவேண்டிய வாரம். ஒரு பெரிய கேக் கடையின் குளிர் அறை பழுதாகிவிட்டது. அங்கிருந்து வந்த லாரியில் எர்லிந்தாவின் கை பட்டது. கதவு திறந்ததும் வெள்ளை அட்டைப் பெட்டிகள் சரிந்து விழுந்தன. பெட்டிக்குப் பெட்டி கேக். கெட்டுப்போகவில்லை, லேசாக உருகியிருந்தது, அவ்வளவே. சர்க்கரைப் பூக்கள், யாருக்கோ வாழ்த்து, யாருக்கோ கல்யாணம். அவற்றிலேயே பெரியது, மூன்று அடுக்கு, ரோஸ் நிறம், உச்சியில் கவுன் போட்ட பொம்மையும் ஒரு பிளாஸ்டிக் கிரீடமும். யாரோ ஒரு பெண்ணின் பதினைந்தாவது பிறந்தநாளுக்குச் செய்தது. அந்த நாட்டில் பெண் பிள்ளைக்குப் பதினைந்து வயது நிறைந்தால், கடன் வாங்கியாவது கவுன் தைத்து, கிரீடம் வைத்து, சபை நடுவே வால்ஸ் ஆட வைப்பார்கள்.

எர்லிந்தா அந்தக் கிரீடத்தைப் பிடுங்கிப் பாவாடையில் துடைத்தாள். தலையில் வைத்துக்கொண்டாள்.

"எனக்குப் பதினஞ்சு ஆனப்ப நான் காப்பித் தோட்டத்துல குனிஞ்ச தல நிமிராம பழம் பறிச்சுக்கிட்டிருந்தேன். யாரும் கவனிக்கல, நானும் கவனிக்கல. இன்னைக்கு எனக்குப் பதினஞ்சு. எல்லாரும் வந்து தின்னுங்க. தோன் ரோமுலோ, வாங்க, என்னோட ஆடுங்க. எனக்கு அப்பன் இல்ல."

தோன் ரோமுலோ தலையை ஆட்டினார், கையை ஆட்டினார், முடியாது என்றார். அப்புறம் கொக்கியைக் கீழே போட்டார். தொப்பியைக் கழற்றினார். பூட்ஸ் காலோடு, அட்டைப் பெட்டிகளை மிதித்துக்கொண்டு, எர்லிந்தாவின் இடுப்பில் மரியாதையாகக் கை வைத்து ஆடினார். வெயிலில் பாடுகிற கிழவர் வாயாலேயே வாத்தியம் வாசித்தார். சுற்றி நின்றவர்கள் கைநிறையக் கேக்கை அள்ளி வாயில் போட்டுக்கொண்டு தாளம் தட்டினார்கள். ஒடிலியாவும் தின்றாள். அவள் மூக்கில் கிரீம் ஒட்டியிருந்தது. யாருக்கும் பலகை நினைவில்லை. கேமரா நினைவில்லை. இரண்டையும் நினைவில் வைத்திருக்க வேண்டியவள் ஒடிலியாதான். அவளும் மறந்துபோனாள்.

மாலையில் முகம் கழுவும்போது நினைவு வந்தது. வேனுக்கு ஓடினாள்.

"அந்தக் கேக்..."

"எடுத்திருக்கேன்" என்றாள் ரெனாத்தா. "முழுசா." அவள் கண் கலங்கியிருந்தது. "தோன்யா ஒடிலியா, நான் இதுவரைக்கும் எடுத்ததுலயே இதுதான்... வேண்டாம்னு இப்பவே சொல்லிடாதீங்க. படத்த முடிச்சுக் கொண்டுவர்றேன். முதல்ல எல்லாரும் பாருங்க. அப்புறம் நீங்க தூக்கிப் போடச் சொன்னா தூக்கிப் போட்டுடறேன்."

ஒடிலியா தரையைப் பார்த்தாள். ஆனால் வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை.

அவர்கள் போன பிறகு பள்ளத்தில் பேச்சு அதுவாகவே இருந்தது. கேக் தின்ற வாய்களே அதைச் சொல்லிச் சொல்லிப் பயந்தன. தோன் ரோமுலோ ஒடிலியாவை ஒருநாள் தனியாக நிறுத்தினார்.

"அது வெளிய போனா வாசல் மூடிடுவாங்க. வாசல் மூடினா உன் கைய நான் காப்பாத்த முடியாது. நான் ஆடினதும் அதுலதான் இருக்கு, தெரியும். அதனாலதான் சொல்றேன்."

சில மாதங்கள் கழித்து ரெனாத்தா சொன்னபடியே படத்தோடு வந்தாள். பள்ளத்தின் ஓரத்தில் இருந்த பிரசங்கக் கூடத்தின் ஜன்னல்களைப் போர்வையால் மூடிப் பட்டப்பகலை இருட்டாக்கினார்கள். எப்போதோ ஓட்டல் லோடில் வந்த பெரிய படுக்கை விரிப்பு ஒன்றை ஒடிலியா வைத்திருந்தாள், அதுதான் திரை. ஞாயிற்றுக்கிழமை உடுப்போடு எல்லோரும் வந்து நெருக்கி உட்கார்ந்தார்கள்.

முதலில் மேலேயிருந்து ஒரு காட்சி. கல்லறைத் தோட்டத்தின் விளிம்பில் நின்று எடுத்திருக்கிறாள். ஒடிலியா அந்தப் பள்ளத்தை அப்படிப் பார்த்ததே இல்லை. அவளுக்குத் தெரிந்ததெல்லாம் காலடியும் கைக்கெட்டும் தூரமும்தான். திரையில் அது ஒரு தேசம் போலக் கிடந்தது. மஞ்சள் லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக இறங்கின. ஒவ்வொரு லாரியையும் நோக்கிப் புள்ளி புள்ளியாக மனிதர்கள் ஓடினார்கள், கை வைத்தார்கள், குனிந்தார்கள். மலை போல வந்து கொட்டியது மூட்டை மூட்டையாகப் பிரிந்து, முதுகில் ஏறி, மேட்டுக்கு நகர்ந்தது. ஊர் முழுக்க எறிந்ததை இத்தனை சின்னப் புள்ளிகள் சேர்ந்து திரும்ப ஊருக்கே தூக்கிக்கொண்டு போயின. "நாமளா அது?" என்று யாரோ மெதுவாகக் கேட்டார்கள்.

பிறகு ஒரு கை வந்தது. கறுத்து, கீறல் விழுந்து, நகம் உடைந்த கை. அது ஒரு குவியலுக்குள் போய், பார்க்காமலே தடவி, ஒரு கண்ணாடிக் குவளையை உடையாமல் எடுத்தது. எவ்வளவு பதமான கை என்று ஒடிலியா நினைத்தாள். யாருடையது என்று யோசித்தாள். கையோடு முகமும் வந்தபோதுதான் தன்னுடையது என்று தெரிந்தது.

அப்புறம் கேக் வந்தது. கிரீடத்தோடு எர்லிந்தா. கூடம் வெடித்துச் சிரித்தது. தோன் ரோமுலோவின் பூட்ஸ் அட்டையை மிதித்துத் தடுமாறியபோது குழந்தைகள் கத்தின. எர்லிந்தா சுழன்றாள். அவள் முகம் திரை முழுக்க நிறைந்தது. பல் போன வாய், கிரீம், கோணிய கிரீடம், அந்தச் சிரிப்பு. பதினைந்து வயதுப் பெண் எவளும் அப்படிச் சிரித்திருக்க மாட்டாள்.

விளக்குப் போட்டதும் சிரிப்பு அணைந்தது. எல்லோரும் திரும்பி ஒடிலியாவைப் பார்த்தார்கள்.

"உன் லோடு" என்றார் தோன் ரோமுலோ. "சொல்லு."

ஒடிலியா எழுந்தாள். அத்தனை பேர் முன்னால் அவள் ஒருநாளும் பேசியதில்லை. பேச்சைத் தயார் செய்துதான் வந்திருந்தாள். அந்தக் கேக்கை மட்டும் எடுத்துவிடுங்கள் என்ற ஒரே வாக்கியம்.

எர்லிந்தா முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை. வெள்ளை விரிப்பையே பார்த்துக்கொண்டு, யாரிடமோ சொல்வது போலச் சொன்னாள்.

"கொமாத்ரே எது சொன்னாலும் சரி. ஆனா எனக்குன்னு ஒரு போட்டோகூடக் கெடையாது. கல்யாணத்துக்கும் இல்ல, புள்ள பொறந்ததுக்கும் இல்ல. நான் சிரிச்சா இப்படி இருப்பேன்னு இன்னைக்குத்தான் பாத்தேன். தூக்கிப் போடணும்னா போடுங்க. பொறுக்கறதுக்குப் பொறந்தவங்க நாம, தூக்கிப் போட்டா எங்க போய் விழும்னும் நமக்குத் தெரியும்."

ஒடிலியா தன் கையைப் பார்த்தாள். திரையில் பார்த்த அதே கை. ஒரு மழைக்காலம். தகரக் கூரை ஒழுகும், சாக்கு நனையும், மிச்சத்தில் ஒன்றும் இருக்காது. அவளால் தாங்க முடியுமா என்று அவளுக்கே தெரியவில்லை.

"இது குப்பையில்ல" என்றாள். முன்வரிசைக்கு மட்டும்தான் கேட்டது. மறுபடி சொன்னாள். "இது குப்பையில்ல, தோன் ரோமுலோ. பிரிச்சுப் பாத்துட்டேன். இத நான் எடுத்துக்கிட்டேன். இருக்கட்டும்."

உட்கார்ந்துகொண்டாள். எர்லிந்தா அப்போதும் திரும்பவில்லை. அவளுடைய தோள்கள் மட்டும் குலுங்கின.

தோன் ரோமுலோ சொன்னதுதான் நடந்தது. படம் மழைக்காலத்துக்குச் சற்று முன்னால் வெளிவந்தது. பல ஊர்களில் எழுந்து நின்று கைதட்டினார்களாம். கேக் ஆட்டத்தை மட்டும் துண்டாக எடுத்து ஒரு தொலைக்காட்சி செய்தியில் போட்டது. அந்த வாரமே வாயிலில் பூட்டு விழுந்தது. குடும்பம் குடும்பமாக வாயிலுக்கு வெளியே வெயிலில் உட்கார்ந்தார்கள். வெறும் உப்பைத் தொட்டுச் சோள ரொட்டி தின்றார்கள். பிள்ளைகளைச் சொந்தக்காரர் வீட்டுக்கு அனுப்பினார்கள். ஒடிலியாவை யாரும் ஏசவில்லை, அவளிடம் பேசவும் இல்லை. பூட்டு திறந்த அன்று பருவத்தின் முதல் மழை தூறியது. வளைவில் எல்லோரையும் நிறுத்தி, தோன் ரோமுலோ தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு சொன்னார்.

"மழை முடியற வரைக்கும் ஒடிலியாவுக்குக் கை இல்ல."

"நீங்க ஆடினீங்களே, உங்க கால வெட்டலாமா?" என்று எர்லிந்தா பாய்ந்தாள்.

"விடுங்க கொமாத்ரே" என்றாள் ஒடிலியா. "எடுத்துக்கிட்டேன்னு நான்தான சொன்னேன்."

மறுநாள் லாரிகள் வந்தன. மற்றவர்கள் ஓடினார்கள். ஒடிலியா மேட்டில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். எர்லிந்தா ஒரு லோடைக் கிளறி முடித்துச் சாக்கைத் தூக்கிக்கொண்டு நகர்ந்ததும் அந்த இடத்துக்கு இறங்கினாள். இரண்டு பையைத் தள்ளியதும் காப்பர் ஒயர் தட்டுப்பட்டது. வளையம் வளையமாக, சுத்தமாக, கை மொத்தத்துக்கு. தவறிவிட்டது என்று எண்ணி அதைத் தூக்கிக்கொண்டு எர்லிந்தாவின் பின்னாலேயே ஓடினாள்.

"கொமாத்ரே, இத விட்டுட்டீங்க."

எர்லிந்தா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "எனக்குக் கண்ணு மங்கிப்போச்சு. விட்டது விட்டதுதான். மிச்சம் மிச்சத்துக்காரங்களுக்கு. சட்டம் தெரியாத மாதிரி ஏன் பின்னாலயே வர்றீங்க? போங்க, போய் வேலையப் பாருங்க."

சரி, கொமாத்ரே கொடுக்கிறாள் என்று ஒடிலியா நினைத்துக்கொண்டாள். அடுத்த இடம் இரண்டு மனைவிக்காரன் கிளறிவிட்டுப் போனது. அங்கே கண்ணாடிப் பாட்டில்கள், ஒன்றுகூட விளிம்பு உடையாமல், வரிசையாகப் படுக்க வைத்தது போலக் கிடந்தன. அதற்கடுத்த இடத்தில் ஒரு ஜோடி பூட்ஸ். இரண்டு காலும் இருந்தன. கயிறு ஒன்றோடொன்று முடிச்சுப் போட்டிருந்தது, பிரிந்து போய்விடக் கூடாது என்பது போல. போட்டுப் பார்த்தாள். அளவு சரியாக இருந்தது.

வாயில் பூட்டியிருந்தபோது பசியால் பிள்ளையை அனுப்பிவிட்டு அழுதவள் ஒருத்தி. ஒடிலியாவைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். அவள் கிளறி முடித்த குவியலில் ஒரு பொட்டலம். உள்ளே துவைத்து மடித்த சட்டை. துவைத்து மடித்த சட்டை எந்தக் குப்பையிலும் வருவதில்லை.

மாலையில் தோன் ரோமுலோவின் இடத்துக்குப் போனாள். ஆணியைக்கூட விடாத மனுஷன். அவர் கிளறிய இடம் எப்போதும் பெருக்கியது போல இருக்கும். அன்று நடுவில் ஒரு அலுமினியப் பானை கவிழ்ந்து கிடந்தது, நசுங்காமல், மூடியோடு. ஒடிலியா அதைத் தூக்கி இரண்டு கையாலும் மார்போடு அணைத்துக்கொண்டாள். சுற்றிலும் பார்த்தாள். மழையில் எல்லோரும் குனிந்து அவரவர் வேலையில் இருந்தார்கள். ஒருவரும் அவள் பக்கம் பார்க்கவில்லை. இத்தனை பேர் பார்க்காமல் இருக்க எவ்வளவு முயற்சி எடுக்க வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். காலையிலிருந்து மாலைவரை கிளறிக் கிடைத்ததில்தான் அவர்கள் வீட்டில் அடுப்பு எரிகிறது. அதிலிருந்துதான் இதைக் கழித்திருக்கிறார்கள். நன்றி சொல்ல வாயெடுத்தாள். ஆனால் யாரிடம் சொல்வது? கொடுத்தவர் என்று ஒருவரும் இல்லை. எறிந்தவர்கள்தான் இருந்தார்கள். பானையோடு அவள் அந்த மழையிலேயே வெகுநேரம் நின்றாள்.

ஏதோ முதல்நாள் இரக்கம் என்று நினைத்தாள். அடுத்த நாளும் அப்படியே. வாரம் போயிற்று, மாதம் போயிற்று. சட்டம் ஒரு நூல்கூட மீறப்படவில்லை. அவள் எந்த லாரியையும் தொடவில்லை. அவர்கள் எதையும் அவள் கையில் கொடுக்கவில்லை. ஆனால் அந்த மழைக்காலம் முழுவதும் பள்ளத்தில் ஒருவர் பாக்கியில்லாமல் எல்லோருக்கும் கண் மங்கிப்போயிருந்தது.

இப்போது ஒடிலியாவுக்கு அறுபது நெருங்குகிறது. அவளுடைய கை மழை ஓய்ந்ததும் திரும்பக் கிடைத்தது. தோன் ரோமுலோ இறந்துவிட்டார். மேலே கல்லறைத் தோட்டத்துச் சுவர் மாடங்களில், நான்காவது வரிசையில் அடக்கமாகியிருக்கிறார். எர்லிந்தாவுக்கு முழங்கால் ஒத்துழைக்கவில்லை. வாயிலுக்கு வெளியே சோளக் கஞ்சி விற்கிறாள், உள்ளே போகிறவர்களை வம்புக்கு இழுத்துக்கொண்டிருக்கிறாள். ரெனாத்தா அனுப்பிய படத்தின் வட்டு ஒடிலியாவின் கொட்டகையில் இருக்கிறது; போட்டுப் பார்க்கக் கருவி இல்லை. உள்ளே உண்பது தடை என்ற பலகை இன்னும் அதே இடத்தில் நிற்கிறது. வெள்ளை லாரி முன்போல் தினமும் வருவதில்லை. வராத நாட்களில் ஒடிலியா அட்டை பிரிக்கிறாள்.